41 என்று தட்டினால் எந்த 41?

தேதி மென்பொருளைச் சோதிக்க லோயர் கேம்ப்பை விடத் தோதான ஊர் இல்லை. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம் இங்கேதான் இருக்கிறது. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. பழைய கணினியின் எக்செல்லில் 15-1-41 என்று தட்டினால் 1941 என்கிறது. விண்டோஸின் புதிய பதிப்பு ஓடும் மடிக்கணினியில், அதே எக்செல்லில் அதே எண்களைத் தட்டினால் 2041. அந்த அணை 1895இல் கட்டி முடிந்துவிட்டது. முதல் கணினியை நம்பினால் அணை முடிந்து 46 ஆண்டு கழித்துத்தான் அதைக் கட்டியவர் பிறக்கிறார். இரண்டாவதை நம்பினால் இன்னும் பிறக்கவே இல்லை.

மண்டபம் திறந்த 15-1-13 மட்டும் இரண்டிலும் 2013 என்று ஒழுங்காக விழுந்தது. அணைக் குத்தகையின் துணை ஒப்பந்தங்கள் கையெழுத்தான 29-5-70க்கும் சிக்கலில்லை. ஆனால் 1886இல் போட்ட மூல ஒப்பந்தத்தின் 29-10-86ஐ இரண்டுமே 1986 ஆக்கிவிட்டன. ராஜீவ் காந்தி பிரதமராக இருந்தபோது திருவிதாங்கூர் மகாராஜாவோடு ஒப்பந்தம் போட்டதுபோல.

எக்செல் இதைத் தானாக முடிவு செய்வதில்லை, விண்டோஸைக் கேட்டுக்கொள்கிறது. விண்டோஸின் வட்டார அமைப்பில், தேதிப் பகுதிக்குள், இரண்டு இலக்க ஆண்டை எந்த நூறு ஆண்டுக்குள் வைத்துப் பார்ப்பது என்று ஒரு வரம்பு இருக்கிறது. நெடுங்காலமாக அது 1930 முதல் 2029 வரை. 29 என்றால் 2029, 30 என்றால் 1930. புதிய பதிப்புகளில் 1950 முதல் 2049 வரை என்று நகர்த்தியிருக்கிறார்கள். Y2K காலத்தில் பல நிறுவனங்கள் செலவைக் குறைக்கக் கையாண்டதும் இந்த உத்திதான். வரம்பு முடியும் ஆண்டு வந்தால் மறுபடி வலி. ஸ்ப்ளங்க் என்ற மென்பொருள் 2020 ஜனவரி 1 முதல் இரண்டு இலக்க ஆண்டுகளைப் புரிந்துகொள்ளாமல் திணறும் என்று முன்கூட்டியே தெரிந்து, அவசரமாக ஒட்டுப்போட்டார்கள்.

2029 இதோ நெருங்கிவிட்டது. அணைக் கதையை விட்டுவிட்டுப் பைக்குக்கு வருவோம். சொந்த வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். 2016இல் பதிவான பைக்குக்கு 2031 வரை. வண்டி விவரங்களைப் பட்டியல் போடுகிறவர் 12-6-31 என்று தட்டினால், பழைய வரம்புள்ள கணினியில் அது 1931. மீதி நாளைக் கணக்கிடும் சூத்திரம் ஆயிரக்கணக்கில் மைனஸ் காட்டும். தேதிவாரியாக அடுக்கினால் அந்த வண்டி எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காரும். ஐந்தாண்டு வைப்பு, நீண்ட காலக் கடன், வீட்டுக் கடன் எல்லாம் இப்போது 2030க்கு அந்தப் பக்கம்தான் முடிகின்றன. தலைகீழாகவும் நடக்கும்: 1928இல் பிறந்த ஓய்வூதியர் 28 என்று பதிவானால் அவர் 2028இல் பிறக்கப் போகிறவர்.

இதில் மோசமான பகுதி கணினியின் ஊகம் இல்லை, அது கண்ணில் படாததுதான். செல்லின் வடிவம் dd-mm-yy என்று இருந்தால், உள்ளே 1931 கிடந்தாலும் திரையில் 12-06-31 என்றுதான் தெரியும். சரிபார்க்கிறவர் காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்டு, டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். போதாக்குறைக்கு எக்செல்லுக்குள்ளேயே இரண்டு விதி: 15-1-26 என்று தட்டினால் 2026, =DATE(26,1,15) என்று எழுதினால் 1926!

குரோம் உலாவியின் தேதிப் பெட்டியைப் பலர் திட்டுவார்கள். ஆண்டு இடத்தில் 26 என்று தட்டினால் 0026 என்று நிற்கும், கிறிஸ்து காலத்துக்கே கொண்டுபோய்விடும். எனக்கு இது பிடித்திருக்கிறது. தப்பு தப்பாகவே கண்ணில் படுகிறது, யாரும் அதை நம்பி அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டார்கள்.

நான்கு இலக்கத்தில் எழுதினால் தீர்ந்ததா? எக்செல்லில் முழுதாகத் தீராது. அதன் நாட்காட்டி 1900இல்தான் தொடங்குகிறது. 29-10-1886 அதற்குத் தேதியே இல்லை, வெறும் எழுத்து. செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், கழித்தால் பிழை காட்டும். மறுபக்கம் 9999 வரை போகும் என்பதால், அணையின் 999 ஆண்டு குத்தகை முடியும் காலத்தை மட்டும் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஒப்பந்தம் முடிவது தெரியும், தொடங்கியது தெரியாது. லிப்ரே ஆபீஸ் கால்க் இந்த இடத்தில் ஜெயிக்கிறது: 15-1-1841, 9-3-1911 இரண்டையும் தேதியாக ஏற்று, பென்னிகுயிக் வாழ்ந்தது 25,619 நாள் என்று கழித்துத் தருகிறது. இரண்டு இலக்க வரம்பை அதன் விருப்பங்கள் பகுதியிலேயே மாற்றலாம், விண்டோஸைத் தோண்ட வேண்டாம். காசும் இல்லை. பழைய பத்திரம், பட்டா வைத்து வேலை செய்கிறவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆண்ட்ராய்டு நாட்காட்டிச் செயலியில் தேதியைத் தொட்டுத் தேர்ந்தெடுப்பதால் இந்த வம்பு குறைவு. ஆனால் பிறந்த தேதிக்காக மாதம் மாதமாகப் பின்னோக்கித் தள்ளுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். மேலே தெரியும் ஆண்டைத் தொட்டால் ஆண்டுப் பட்டியலே விரியும். செயலிகள் தங்களுக்குள் பரிமாறும் ஐகால் கோப்பில் ஆண்டு எப்போதும் நான்கு இலக்கம்தான், அங்கே ஊகத்துக்கு இடமே வைக்கவில்லை.

எக்செல்லை விட முடியாதவர்கள் முதலில் தேதி நெடுவரிசையை dd-mm-yyyy ஆக்கிப் பாருங்கள், பழைய கோப்புகளில் 1930களின் கூட்டம் நிற்கக்கூடும். காலாவதி நெடுவரிசைக்கு டேட்டா வேலிடேஷனில் 1-1-2000க்கு முந்தியதை மறுக்கச் சொல்லலாம். கையால் தட்டுவதைத்தான் அது தடுக்கும். வேறு கோப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் 1931 சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.