கடை, உரிமம், சாட்சியம்: சான் பிரான்சிஸ்கோ குறித்துச் சில குறிப்புகள்

ஒருபாலீர்ப்பினரின் வணிகச் சங்கங்களுக்கு அமெரிக்க நகராட்சிகள் கைகொடுப்பது பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "முதலாளி யாரோட படுத்தா என்னங்க? முதலாளி முதலாளிதானே." நம் வட்டத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்தான் இது. நான் அதை முழுக்க மறுக்கவில்லை. ஆனால் இந்த 'முதலாளி' எந்த வரலாற்றின் வழியாக வந்து நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்தார் என்று பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே எல்லாவற்றுக்கும் முன்னால் மதுக்கடை இருந்தது. வீட்டிலும் வேலையிலும் முகத்தை மறைத்து வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வாய்த்த பொதுவிடம் அது. 'பிளாக் கேட்' என்ற கடையில் ஒருபாலீர்ப்பினர் கூடுகிறார்கள் என்று சொல்லி அதன் உரிமத்தை அரசு முடக்கியது. உரிமையாளர் சால் ஸ்டூமன் (அவர் ஒருபாலீர்ப்பினர் இல்லை, சாதாரண வியாபாரி) வழக்குப் போட்டார். 1951இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், கூடுவது மட்டுமே உரிமத்தைப் பறிக்கக் காரணமாகாது, சட்டவிரோதமான செயல் நடந்ததற்குச் சாட்சியம் வேண்டும் என்றது. அரசு என்ன செய்தது? சாட்சியம் தேடக் கிளம்பியது. 1955இல் மதுக் கட்டுப்பாட்டுக்கென்று தனித் துறை வந்தது. வாடிக்கையாளர் போல வந்து உட்காரும் வேவுகாரர்கள் வந்தார்கள். யார் யாரைத் தொட்டார், யார் யாரோடு ஆடினார் என்பதெல்லாம் குறிப்பேடு ஏறியது. உடல் இங்கே உரிமத்துக்கு எதிரான ஆவணமாக வாசிக்கப்படுகிறது. 1963இல் பிளாக் கேட் உரிமத்தை இழந்தது. அடுத்த ஆண்டு மூடியே விட்டார்கள்.

மாமூல், ரெய்டு, உரிம ரத்து இவற்றுக்கு நடுவில் 1962இல் கடைக்காரர்களும் கடைகளில் மது ஊற்றிக் கொடுக்கும் ஊழியர்களும் சேர்ந்து 'டேவர்ன் கில்ட்' தொடங்கினார்கள். அமெரிக்காவின் முதல் ஒருபாலீர்ப்பினர் வணிகச் சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பிடிபட்டவர்களுக்கு வக்கீலும் ஜாமீனும் ஏற்பாடு செய்தார்கள். ஏலமும் ஆட்டமும் நடத்திப் பணம் திரட்டினார்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரே சங்கத்திலா என்று தோழர் கேட்பார். கேட்க வேண்டியதுதான். ரெய்டில் இரண்டு பேரையும் ஒரே வண்டியில்தான் ஏற்றினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

ஹார்வி மில்க் 1973இல் கேஸ்ட்ரோ தெருவில் புகைப்படக் கடை போட்டவர். அந்தப் பகுதியின் பழைய வியாபாரிகள் ஒருபாலீர்ப்பினரின் கடைகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்தபோது தமக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள். டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் கூர்ஸ் பீரைப் புறக்கணிக்கச் சொன்னபோது மில்க் மதுக்கடைகளிலிருந்து கூர்ஸை இறக்கச் செய்தார். பதிலுக்கு ஒருபாலீர்ப்பினருக்கு லாரி ஓட்டும் வேலை கேட்டார். கல்லாப்பெட்டி தொழிற்சங்கத்தின் பக்கம் வந்து நின்ற சந்தர்ப்பம் இது. நமது அரசியல் பொருளாதாரச் சூத்திரங்களில் இதற்கு எங்கே இடம் ஒதுக்குவது?

சரி, இதெல்லாம் கடை வைத்திருந்தவர்களின் கதை. கடை இல்லாதவர்கள்?

1966 ஆகஸ்ட். டெண்டர்லாய்ன் பகுதியில் டர்க், டெய்லர் தெருக்கள் சந்திக்கும் மூலையில் காம்ப்டன்ஸ் கஃபெடீரியா. இரவு முழுக்கத் திறந்திருக்கும் மலிவான சாப்பாட்டுக் கடை. தெருவில் பாலியல் தொழில் செய்து பிழைத்த திருநங்கைகள் இளைப்பாறியது அங்கேதான். ஒருபாலீர்ப்பினரின் மதுக்கடைகள் பலவற்றிலேயே அவர்களுக்கு இடமில்லை. இவர்கள் வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும் என்ற பயம். தன் பாலுக்கு உரியதல்லாத உடை அணிவதைக் குற்றமாக்கிய 1863ஆம் ஆண்டின் நகரச் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. அன்றிரவு போலீசைக் கூப்பிட்டதே கடை நிர்வாகம். போலீஸ்காரர் ஒருவர் ஒரு திருநங்கையைப் பிடித்து இழுக்க, சூடான காப்பி அவர் முகத்தில் போய் விழுந்தது. தட்டுகள் பறந்தன, சர்க்கரைக் குடுவைகள் பறந்தன, கண்ணாடிகள் நொறுங்கின. பத்திரிகைகள் இதைச் செய்தியாக்கவில்லை. என்ன தேதி என்பதுகூட இன்றுவரை உறுதிப்படவில்லை. சூசன் ஸ்ட்ரைக்கரும் விக்டர் சில்வர்மேனும் எடுத்த 'ஸ்க்ரீமிங் குவீன்ஸ்' ஆவணப்படம் 2005இல் வந்த பிறகே இது பரவலாகத் தெரியவந்தது. டேவர்ன் கில்டுக்கு ஆண்டு இருக்கிறது, ஆவணம் இருக்கிறது. இவர்களுக்குத் தேதி இல்லை.

அந்த உடைச் சட்டம் நீக்கப்பட்டது 1974இல். அதே ஆண்டில்தான் 'கோல்டன் கேட் பிசினஸ் அசோசியேஷன்' பிறந்தது. இரண்டும் ஒரே விடுதலையின் இரு கிளைகள் என்று எழுதிவிடலாம், வசதியான கதையாடல். நகரம் யாரோடு பேசத் தொடங்கியது என்பது வேறு கேள்வி.

1996இல் நகரம் போட்ட விதியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நகரத்தோடு ஒப்பந்தம் செய்யும் நிறுவனம், ஊழியரின் மனைவிக்கோ கணவருக்கோ தரும் சலுகைகளை மணமாகாத இணையருக்கும் தரவேண்டும் என்றது அது. இதன் பயன் சம்பளக்காரருக்குப் போனது. விமான நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனது சும்மா இல்லை.

அப்புறம் வந்தது சான்றிதழ். தேசிய அளவிலான வணிகச் சபை ஒன்று 2002இல் தொடங்கியது. நிறுவனத்தின் உரிமையில் குறைந்தது 51 விழுக்காடு இச்சமூகத்தவரிடம் இருந்தால் சான்று தருகிறது. மின்சாரம், எரிவாயு போன்ற பெரும் நிறுவனங்கள் தமக்குப் பொருள் தருவோரில் இவர்களையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று 2014இல் கலிஃபோர்னியா சட்டமியற்றியது. நகராட்சிகள் பல தம் கொள்முதலில் இந்தச் சான்றை ஏற்றன. சான்று பெற, தான் யார் என்பதற்கு ஆதாரம் தரவேண்டும்: இணையரோடு சேர்ந்திருக்கும் பத்திரம், தெரிந்தவர்களின் கடிதம் போன்றவை. வேவுகாரர் குறிப்பேட்டில் எழுதியதை இப்போது நாமே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். ஜெயிலுக்கும் டெண்டருக்கும் உள்ள வித்தியாசம் பெரிது, அதை மறுப்பவன் மடையன். ஆனாலும் சாட்சியம் கேட்கும் அதிகாரம் இடம் மாறவில்லை. 51 விழுக்காடு எதுவும் சொந்தமில்லாதவர் இந்தச் சட்டகத்துக்குள் ஆளாகவே தோன்ற மாட்டார்.

தமிழில் 'தொழில்' என்று சொல்லிப் பாருங்கள். வணிகமும் தொழில், உழைப்பும் தொழில். "தொழிலுக்குப் போறா" என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். 'பிசினஸ்' என்ற சொல்லைத் தமிழாக்கும்போது காம்ப்டன்ஸ் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே உள்ளே வந்துவிடுகிறார்கள். நகரத்தின் படிவத்தில் அவர்கள் வரவில்லை.

வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மார்க்கெட் தெருவில் எழவிருந்த பெரிய கட்டுமானத்தை எதிர்த்த போராட்டத்தின் பின், கறுப்பினத் திருநங்கைகள் மூவரின் முயற்சியால் 2017இல் டெண்டர்லாய்னின் ஒரு பகுதி திருநர் பண்பாட்டு வட்டாரமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் நகரம் அறிவித்த இன்னொரு திட்டம் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: வருமானம் குறைந்த திருநர் 55 பேருக்கு மாதம் 1,200 டாலர், பதினெட்டு மாதங்கள் வரை. கடை வை, வலைப்பின்னல் அமை என்ற நிபந்தனை எதுவும் இல்லை. 55 பேர்தான். முன்னோட்டம் முடிந்தது, அவ்வளவுதான்.

காம்ப்டன்ஸ் இருந்த கட்டடம் 2025 ஜனவரியில் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறியது. அந்தக் கட்டடத்தில், சிறையிலிருந்து வெளிவருவோரைத் தங்கவைக்கும் விடுதியை நீண்டகாலமாக நடத்திவந்திருப்பது ஜியோ குரூப் என்ற தனியார் சிறை நிறுவனம். அரசு ஒப்பந்தம் பெற்ற வணிகம். அதை அங்கிருந்து அகற்றி இடத்தைத் தம்மிடம் தரவேண்டும் என்று திருநர் செயல்பாட்டாளர்கள் போராடியிருக்கிறார்கள்.