அரை வோல்ட் ரசனை

ஆம்ப்ளிஃபையரைப் பற்றிப் பேசவும் கவிதையைப் பற்றிப் பேசவும் ஒரே சொற்களைத்தான் வைத்திருக்கிறோம் என்பது செஞ்சியில், திருவண்ணாமலை சாலையோரத்து ரிப்பேர் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. ஆழம், செறிவு, வெதுவெதுப்பு, வறட்சி. இந்தச் சொற்கள் ஒலியைச் சொல்கின்றனவா, சொல்கிறவனைச் சொல்கின்றனவா என்பதுதான் என் கேள்வி.

கடையில் இரண்டு செட்டுகள் இருந்தன. ஒன்று 3055 டிரான்சிஸ்டர் போட்டு, பெரிய டிரான்ஸ்ஃபார்மரோடு அண்ணன் கையாலேயே அசெம்பிள் செய்த பழைய செட். மற்றது உள்ளங்கையளவு கிளாஸ்-டி போர்டு. ஒரே ஸ்பீக்கர், ஒரே பாட்டு. பழையதில் வெதுவெதுப்பு இருக்கிறது, புதியது வறட்சி என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணன் பதில் பேசவில்லை. ஒரே சீரான சோதனை ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்தார். பழையது 2.5 வோல்ட், புதியது 2.

"உன் வெதுவெதுப்பு அரை வோல்ட்டு தம்பி, அவ்ளோதான்."

அரை வோல்ட் என்பது இங்கே ஏறக்குறைய 2 டெசிபல். 'சத்தம் கூடியிருக்கிறது' என்று காது இதை உணர்வதில்லை, 'தரம் கூடியிருக்கிறது' என்றே உணர்கிறது. சத்தம் குறையும்போது கீழ்ஸ்தாயியைக் காது அதிகமாக இழக்கிறது என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். நான் ஆழம் என்று சொன்னது இதைத்தான்.

பிறகு அண்ணன் இரண்டையும் சமமாக்கி, குறுக்கே வேட்டியைக் கட்டி, காசைச் சுண்டிப் போட்டு, எது விழுகிறதோ அதை ஓடவிட்டார். இருபது முறை. பதினொன்றில் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு உளறினாலே பத்து வரும். பதினைந்தாவது வந்திருந்தால்தான் என் காதுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம். முப்பது வருஷமாக இசை பற்றி எழுதுகிறவனுக்கு இது அவமானம்தான். ஆனால் அவமானம் எனக்கு மட்டுமல்ல. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்தபோது, தேர்ந்த வாசகர்களே புகழ்பெற்ற கவிகளை ஒதுக்கிவிட்டுச் சில்லறைக் கவிகளைப் பாராட்டினார்கள். அவருடைய 1929ஆம் வருஷத்துப் புத்தகமே இதைப் பற்றியதுதான். 1994இல் டூலும் ஆலிவும் நாற்பது பேரை வைத்து ஸ்பீக்கர்களைச் சோதித்தபோதும், பார்த்துக்கொண்டு போட்ட மதிப்பெண் திரைக்குப் பின்னால் மாறிப்போயிற்று. நம்மிடையே 'ரசனை விமர்சனம்' என்ற பெயரில் பட்டியல் போட்டவர்கள் யாராவது வேட்டியைக் குறுக்கே கட்டியதுண்டா?

அப்படியானால் வேறுபாடு எல்லாமே பிரமை, எல்லாமே கட்டமைப்பு என்று சொல்லிவிடலாமா? நம் கோட்பாட்டு நண்பர்கள் இந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள். அடுத்து அண்ணன் பெட்டி ஸ்பீக்கரையும் குழாய் ஸ்பீக்கரையும் மாற்றி மாற்றி ஓடவிட்டார். இருபதுக்கு இருபது. வேறுபாடு இருக்கும் இடத்தில் காது தவறுவதில்லை. திரை வேறுபாட்டை ஒழிப்பதில்லை, இல்லாததை இருப்பதிலிருந்து பிரிக்கிறது. ஆனால் எது நல்லது என்பதைத் திரை சொல்லாது.

நான் பெட்டி என்றேன். கடைக்கு வந்திருந்த கூத்துக்காரப் பெரியவர் சிரித்தார். "அது ஊட்டுக்குள்ள பேசுது. இது கணீர்னு கழனி தாண்டிப் போவுது. எனக்கு அதான்யா வேணும்."

இதை ரசனையின்மை என்று தள்ளிவிட முடியாது. செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி கோயில் பாரதக் கூத்து மரபின் முக்கியமான இடம். ஆல்ஃப் ஹில்டெபைடல் தன் ஆய்வின் முதல் தொகுதிக்குத் (1988) தலைப்பிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரத்துக்கு வழி போடுகிறார். மைக் வராத காலத்தில் திறந்தவெளியில் கடைசி ஆளுக்கும் சொல் எட்டவேண்டும் என்றே கூத்துக்காரர்கள் உச்சத்தில் பாடினார்கள். குழாய் செய்வதும் அதேதான். கீழ்ஸ்தாயியைக் கைவிட்டு, மெய்யெழுத்துகள் தெளிவாகும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியைத் தூக்கிப் பிடிக்கிறது. முகவீணையும் ஏறத்தாழ அங்கேதான் கூவுகிறது.

'மூலத்துக்கு விசுவாசம்' என்ற ஹை-ஃபை அளவுகோலும் அப்படியொன்றும் களங்கமற்றதல்ல. 1915 முதல் எடிசன் கம்பெனி பாடகரையும் இசைத்தட்டையும் ஒரே மேடையில் நிறுத்தி, விளக்கை அணைத்து, எது எது என்று கேட்டது. தட்டுக்குப் பொருந்தும்படி குரலை அடக்கிக்கொண்டதாகப் பாடகி ஒருவரே பிற்பாடு சொன்னார். மூலம் நகலை நகலெடுத்திருக்கிறது. பிளம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோவோ, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவே உட்காரும் ஒரே ஒருவனைக் கற்பித்துக்கொள்கிறது. தனி அறை, தனி நாற்காலி, கதவு சாத்தியிருக்கவேண்டும். எங்கள் வீட்டில் செட் பரண்மேல், தெருவைப் பார்த்து இருந்தது. அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததில்லை.

இப்படிச் சொல்லிக் குழாயைக் கொண்டாடிவிடலாம்தான். ஆனால் குழாயும் தனக்கான கேட்பவனைக் கற்பித்துக்கொள்கிறது, அவன் கேட்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்த 2000ஆம் ஆண்டு விதிகள் தூக்கத்தைப் பற்றிப் பேசுகின்றன. திருவிழாவில் குழாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, எந்தத் தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது என்பதை எந்த விதியும் அளப்பதில்லை. பெரியவரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கொழாய கட்றது நானில்ல தம்பி. நான் பாட்றவன்."

அண்ணன் வேட்டியை அவிழ்த்து உதறி மடித்து வைத்தார். இரண்டு செட்டில் எதை வாங்கப்போகிறாய் என்று கேட்டார். விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.