1996: கொரியப் பாட்டு கைமாறிய வருஷம்

கே-பாப் எப்போது பிறந்தது என்று கேட்டால் பலரும் 1992 என்பார்கள். சியோ தைஜி அண்ட் பாய்ஸ் வந்த வருஷம் அது. எனக்கென்னவோ 1996-தான் அதைவிட முக்கியம்னு படுது.

அந்த ஜனவரியில் சியோ தைஜி குழு கலைந்தது. ஜூனில், பாடல்களை வெளியிடும் முன்பே அரசுக் குழு பார்த்து அனுமதிக்கும் முன்தணிக்கை ஒழிந்தது. செப்டம்பரில் எஸ்.எம். நிறுவனம் ஹெச்.ஓ.டி. என்ற ஐந்து பையன்களை மேடையேற்றியது.

தணிக்கை தானாகப் போய்விடவில்லை. ஜங் தே-சுன் என்ற பாடகர் 1990-லேயே குழுவுக்கு அனுப்பாமல் ஆல்பம் வெளியிட்டார். மறுபடியும் அதையே செய்து வழக்கைச் சந்தித்தார். 1995-ல் 'ஷிதே யூகம்' பாட்டில் சில வரிகளை மாற்றச் சொன்னார்கள். சியோ தைஜி மாற்றவில்லை. மொத்த வரிகளையும் எடுத்துவிட்டு வெறும் இசையாக ஆல்பத்தில் வைத்தார். பாடியிருந்தால்கூட அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது.

சரி, சுதந்திரம் கிடைத்த பிறகு என்ன பாடினார்கள்?

ஹெச்.ஓ.டி.யின் முதல் பாட்டு பள்ளிக்கூட வன்முறையைப் பற்றியது. ஆவேசமாகத்தான் இருக்கு. ஆனால் 1994-ல் சியோ தைஜி கல்விமுறையைச் சாடிய பாட்டோடு சேர்த்துக் கேளுங்க. அவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். கோபம் சொந்தக் கோபம். இங்கே பாட்டை எழுதியவர் நிறுவனத்தின் இசையமைப்பாளர் யூ யங்-ஜின். பையன்கள் அந்தக் கோபத்தை நன்றாக நடிக்கிறார்கள். அதே ஆல்பத்தில் இருக்கும் 'கேண்டி'தான் எனக்கு நேர்மையான பாட்டு. கேட்பவரைச் சந்தோஷப்படுத்தணும், அவ்வளவுதான் அதன் வேலை. அதைச் சுத்தமாகச் செய்கிறது.

எதைப் பாடக்கூடாது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. எதைப் பாடணும் என்று நிறுவனம் சொல்ல ஆரம்பித்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். 2000-ல் வந்த ஐந்தாவது ஆல்பத்தின் பாடல்களை ஹெச்.ஓ.டி. பையன்களே எழுதினார்கள், அந்த இடத்துக்கு வர நாலு வருஷம் ஆச்சு. இன்னொரு பக்கம், சியோ தைஜியோடு ஆடிய யாங் ஹியுன்-சுக் அதே 1996-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். அதுதான் இன்றைய ஒய்.ஜி. கலகக் குழுவில் இருந்தவரே முதலாளி ஆனார்!

அதனால் ஒரு கொரியப் பாட்டில் புரட்சி இருக்கான்னு வரிகளில் மட்டும் தேடாதீங்க. எழுதினது யாருன்னும் பாருங்க.