பொருளின் விதியும் மனிதனின் மதிப்பும்: ரோஸன்தாலின் ஹஷீஷ் நூலை முன்வைத்து

கஞ்சாவின் மீதான தடையை நீக்குவதா, நீடிப்பதா என்ற விவாதம் இன்று பல நாடுகளின் சட்டமன்றங்களை எட்டியிருக்கிறது. உருகுவே 2013-லும் கனடா 2018-லும் அதன் பயன்பாட்டைச் சட்டத்திற்கு உட்பட்டதாக்கின. ஜெர்மனி 2024 ஏப்ரலில் வயது வந்தோர் சிறிதளவு வைத்திருப்பதை அனுமதித்தது. அமெரிக்காவில் 1969-இல் காலப் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 12 விழுக்காட்டினரே சட்ட அனுமதியை ஆதரித்தனர். 2023-இல் அது 70 விழுக்காடாக உயர்ந்திருந்தது. முஸ்லிம் நாடுகளும் இவ்விவாதத்திற்கு வெளியே இல்லை. மருத்துவத் தேவைக்கும் தொழில் தேவைக்குமான பயிரிடலுக்கு லெபனான் 2020-லும் மொராக்கோ 2021-லும் சட்டம் இயற்றின. 2024 ஆகஸ்டில் மொராக்கோ மன்னர், கஞ்சா பயிரிட்ட வழக்குகளில் சிக்கியிருந்த நாலாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்.

இது குறித்து நம் மிம்பர்களிலிருந்து வரும் விடை ஒன்றே: போதை தரும் யாவும் ஹராம். இவ்விடையில் நமக்கு ஐயம் ஏதும் இல்லை. ஆயினும் கேட்கப்பட வேண்டிய வினாக்கள் இரண்டு. அப்பொருளின் விதி என்ன என்பது ஒன்று. அதை உட்கொள்ளும் மனிதனை எவ்வாறு நோக்குவது என்பது மற்றொன்று. முதல் வினாவின் விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. நம் ஃபகீஹ்கள் அவ்வாறு கொள்ளவில்லை என்பதை உணர்த்த ஒரு நூல் துணை நிற்கிறது. அந்நூலின் குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

இப்னு கல்தூனின் முகத்திமாவை ஆங்கிலத்தில் பெயர்த்தவரான ஃபிரான்ஸ் ரோஸன்தால் 1971-இல் எழுதி, லெய்டன் நகரின் பிரில் பதிப்பகம் வெளியிட்ட 'மூலிகை: ஹஷீஷ் எதிர் இடைக்கால முஸ்லிம் சமூகம்' என்பதே அந்நூல். கஞ்சாச் செடியிலிருந்து ஆக்கப்பட்டு, அக்காலத்தில் பெரும்பாலும் உண்ணப்பட்ட பொருளையே அரபு நூல்கள் ஹஷீஷ் என்கின்றன. அச்சொல்லின் நேர்ப்பொருள் புல், பூண்டு என்பதே. ஃபிக்ஹு நூல்கள், வரலாறுகள், மருத்துவ நூல்கள், கவிதைகள், நகைச்சுவைத் துணுக்குகள் எனச் சிதறிக் கிடந்த செய்திகளை ஒரே இடத்தில் திரட்டியது ரோஸன்தாலின் பெரும்பணி. எகிப்தின் ஷாஃபிஈ அறிஞர் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) (ஹிஜ்ரி 745-794) எழுதிய 'ஸஹ்ருல் அரீஷ் ஃபீ தஹ்ரீமில் ஹஷீஷ்' என்ற சிறுநூலின் அரபு மூலத்தையும் அவர் பின்னிணைப்பாகத் தந்தார். இதற்காக மட்டுமே அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நூலைப் படிப்போர் கவனத்தில் முதலில் படுவது, இப்பொருள் எங்கிருந்து வந்தது என்பதற்கு நம் முன்னோர் தந்த விடைகள். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அதன் பரவலைத் தாத்தாரியரின் எழுச்சியோடு இணைத்தார். வரலாற்றாசிரியர் மக்ரீஸீ (ரஹ்) பதிவு செய்த செய்தியொன்று, குராஸானின் ஷைகு ஹைதர் என்ற ஸூஃபியாரே அதைக் கண்டறிந்தார் என்கிறது. இன்னொன்று இந்தியர்களைச் சுட்டுகிறது. 'ஃபகீர்களின் மூலிகை' என்று வழங்கிய பெயர் ஏழைத் துறவிகளைச் சுட்டியது. படையெடுத்து வந்தவன், தொலைதேசத்தவன், ஏழை ஆகியோர் மீது அத்தீமை ஏற்றப்பட்டது. சுட்டுகின்ற நகரவாசி தன்னைச் சுட்டிக்கொள்ளவே இல்லை.

இப்பழி நம் எல்லைக்குள் நின்றுவிடவும் இல்லை. நிஸாரீ இஸ்மாயீலிகளை அவர்களுடைய எதிரிகள் 'ஹஷீஷிய்யா' என்று இழித்துரைத்தனர். அவர்கள் அப்பொருளை உண்டதற்குச் சமகாலச் சான்று இல்லை என்றும், அது வெறும் வசைச்சொல்லே என்றும் பெர்னார்ட் லூயிஸ் 1967-லும், ஃபர்ஹாத் தஃப்தரீ 1994-லும் விரிவாக எழுதினர். ஆனால் அவ்வசை ஐரோப்பாவை அடைந்து, கொலையாளியைக் குறிக்கும் 'அஸாஸின்' என்ற சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது. 1937-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கஞ்சா வரிச் சட்ட முன்வடிவை ஆராய்ந்தபோது, போதைப்பொருள் துறையின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் 1090-இல் பாரசீகத்தில் தோன்றிய அஸாஸின் கூட்டத்தின் கதையைத் தம் வாக்குமூலத்தில் எடுத்துரைத்தார். அதே ஆண்டு அவர் எழுதிய பரபரப்பான கட்டுரையின் தலைப்பிலும் அச்சொல் இருந்தது. முஸ்லிம்கள் தமக்குள் வீசிக்கொண்ட வசைச்சொல், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அந்நிய நாடொன்றில் சட்டத்திற்கான சான்றாக முன்வைக்கப்பட்டது. அங்கும் அப்பழியைச் சுமந்தோர் மெக்ஸிகோவிலிருந்து வந்த கூலித்தொழிலாளரும் கறுப்பினத்தவருமே. நம் தமிழில் 'கஞ்சாக் குடிக்கி' என்ற சொல் ஆற்றும் பணியும் இதுவேயன்றி வேறில்லை.

வசைபாடும் மக்களின் நோக்கு இவ்வாறிருக்க, ஃபகீஹ்கள் என்ன செய்தார்கள்? திருக்குர்ஆனிலோ நபிமொழியிலோ ஹஷீஷின் பெயர் இல்லை. ஆகவே மதுவோடு அதை ஒப்பிட்டு நோக்க வேண்டியவர்களாயினர். மாலிகீ அறிஞர் இமாம் கராஃபீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 684) தம் 'அல்ஃபுரூக்' நூலில் மகிழ்ச்சியூட்டி மயக்குவது, உறக்கத்தில் ஆழ்த்துவது, அறிவைக் கெடுப்பது என்று மூன்றாகப் பிரித்து, ஹஷீஷை மூன்றாம் வகையில் வைத்தார். எனவே அதற்கு ஹத்து எனும் வரையறுக்கப்பட்ட தண்டனை இல்லை, தஃஸீர் எனும் திருத்தும் தண்டனையே உண்டு. அப்பொருள் நஜீஸும் அன்று என்பது அவர் முடிவு. இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) மாறாக, மது அருந்தியவருக்குரிய ஹத்தே இதற்கும் என்றார். அவரும் கண்மூடித்தனமாகக் கடுமை காட்டவில்லை. அறிவையும் இயல்பையும் கெடுப்பதில் ஹஷீஷ் கொடியது, சண்டையையும் சச்சரவையும் விளைவிப்பதில் மது கொடியது என்று இரண்டையும் எடைபோட்டார். இமாம் நவவீ (ரஹ்) தம் 'அல்மஜ்மூஉ' நூலில் இமாம் ரூயானீ (ரஹ்) அவர்களின் கருத்தை எடுத்துக்காட்டுகிறார்: இத்தகைய தாவரங்களை உண்பது ஹராம், உண்டவருக்கு ஹத்து இல்லை, வேறு வழியில்லாதபோது மருந்தாகப் பயன்படுத்தலாம். மொராக்கோவும் லெபனானும் இயற்றிய மருத்துவச் சட்டங்களைக் கேட்டுத் திடுக்கிடுவோர், இவ்விதிவிலக்கு நம் நூல்களில் பல நூற்றாண்டுகளாக இருந்து வருவதை அறிதல் நலம்.

இவ்விவாதங்களை ரோஸன்தால் பொறுமையோடு தொகுத்திருக்கிறார். ஆனால் ஃபகீஹ்கள் கருத்து வேறுபட்டதை, தெளிவான மூலவசனம் இல்லாத பொருளொன்றைத் தடைக்குள் கொண்டுவரச் சட்டம் பட்ட பாடாகவே அவர் பெரிதும் காண்கிறார். நாம் இங்கே அவரோடு வேறுபடுகிறோம். ஹத்தா தஃஸீரா, நஜீஸா தாஹிரா என்ற வினாக்கள் சொற்போர் அல்ல. ஹஷீஷைத் தன்னோடு வைத்திருந்தவரின் தொழுகை கூடுமா? அதன் மயக்கத்தில் சொன்ன தலாக் நிகழுமா? அதை விற்கலாமா? ஸர்கஷீ (ரஹ்) தம் சிறுநூலில் எழுப்பிய கிளைவினாக்கள் இத்தகையவை. தவறிழைத்தவர் தம் சமூகத்தில் எதை இழக்கிறார், எதை இழக்கவில்லை என்பதை அளந்து சொல்பவை அவை. அவர் தொழுகை அவருக்கு உண்டு. அவருடைய குடும்பம் அவருக்கு உண்டு. தண்டனைக்கும் ஓர் எல்லை உண்டு. இவ்வளவையே நாம் மனிதனின் மதிப்பு என்கிறோம்.

நூலின் தலைப்பிலுள்ள 'எதிர்' என்ற சொல்லும் நமக்கு உடன்பாடன்று. ஒருபுறம் ஹஷீஷ், மறுபுறம் முஸ்லிம் சமூகம் என்றால், அதை உண்டவர் சமூகத்திற்கு வெளியே நிற்பவராகிவிடுகிறார். ரோஸன்தால் திரட்டிய சான்றுகளே இதை மறுக்கின்றன. துறவியரும் பாமரரும் மட்டுமின்றி, புலமை மிக்கோரும் அப்பக்கங்களில் வருகின்றனர். அதைப் பாடிய கவிஞர்கள் மதரஸாவின் கல்வியில் வளர்ந்தவர்கள். மேலும், கவிதையும் நகைச்சுவையும் அவருக்கு முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. அவற்றில் புகழ்வோர் குரலும் பழிப்போர் குரலும் கேட்கின்றன. அதில் சிக்கி விடுபட இயலாது தவித்தவரின் குரலோ அரிதாகவே கேட்கிறது.

சமூகம் தன் எல்லை மீறியதற்கும் சான்று உண்டு. ஹிஜ்ரி 780-ஐ ஒட்டிய காலத்தில் அமீர் ஸூதூன் அஷ்ஷைகூனீ, கெய்ரோவில் ஹஷீஷ் விளைந்த இடங்களை அழித்ததோடு, அதை உண்டவர்களின் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கச் செய்தார் என்று மக்ரீஸீ (ரஹ்) எழுதுகிறார். ஹத்தே உண்டா இல்லையா என்று அறிஞர்கள் ஆய்ந்துகொண்டிருந்த அதே நகரில், ஸர்கஷீ (ரஹ்) வாழ்ந்த அதே காலத்தில் இது நடந்தது. இத்தனைக்கும் பிறகு ஹிஜ்ரி 815 வாக்கில் ஹஷீஷ் கெய்ரோவில் வெளிப்படையாகவே உண்ணப்பட்டது என்றும் அவரே வருந்துகிறார். பல்லைப் பிடுங்கிய கடுமை பழக்கத்தைப் பிடுங்கவில்லை.

கராஃபீயின் பகுப்பைக் காட்டி, சிறிதளவு உட்கொள்வது தவறில்லை என்று வாதிடும் இளைஞர்கள் இன்று உளர். அவர்களுக்கும் நம் நூல்களிலேயே விடை இருக்கிறது. இமாம் இப்னு ஹஜர் ஹைத்தமீ (ரஹ்) (மறைவு ஹிஜ்ரி 974) பெரும்பாவங்களைத் தொகுத்த 'அஸ்ஸவாஜிர்' நூலில், தாஹிரான போதைப்பொருட்களை உண்பதைத் தனிப் பெரும்பாவமாகவே எண்ணி, ஹஷீஷோடு அபினையும் சாதிக்காயையும்கூடச் சேர்த்தார். பொருள் தாஹிர் என்பதால் செயல் சிறியதாகிவிடாது. அரசு அனுமதித்துவிட்டது என்பதாலும் ஹராம் ஹலாலாகிவிடாது. மது பல நாடுகளில் அரசின் அனுமதியோடுதான் விற்கப்படுகிறது.

ஆயினும் விதியின் உறுதியையும் மனிதனின் மதிப்பையும் ஒருசேரக் காத்த முன்மாதிரி ஃபிக்ஹுக்கும் முந்தியது. உமர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. அப்துல்லாஹ் என்ற பெயருடைய ஒருவர் மது அருந்தியதற்காக நபி (ஸல்) அவர்களிடம் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டார். தண்டனையும் நிறைவேற்றப்பட்டது. அப்போது கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் மற்றொரு நிகழ்ச்சியில், தண்டிக்கப்பட்டவரை இழித்துரைத்தோரிடம், அவருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோக வேண்டாம் என்றார்கள். இரு நிகழ்ச்சிகளிலும் தண்டனை தளர்த்தப்படவில்லை. தடுக்கப்பட்டது இகழ்ச்சி மட்டுமே.

நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். இந்திய அரசு 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்தைய ஓராண்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியோர் சுமார் 3.1 கோடிப் பேர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடுக்கிறது. பூக்கும் நுனி கலவாத இலை அதன் வரையறைக்குள் வராததால், வடநாட்டில் சில மாநிலங்களில் பாங்கு உரிமம் பெற்ற கடைகளிலேயே விற்கப்படுகிறது. அதே சட்டத்தின் 64அ பிரிவு, சிறிதளவு தொடர்பான குற்றம் சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர் தாமாகச் சிகிச்சையை நாடினால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சட்டமே திறந்து வைத்திருக்கும் இவ்வாசலை நம் மஹல்லாக்களில் எத்தனை பேர் அறிவர்? அறிந்த தந்தையும் மகனை அவ்வாசலுக்கு அழைத்துச் செல்ல அஞ்சுகிறார். செய்தி வெளியானால் மகளின் திருமணப் பேச்சு முறியும். ஜமாஅத்தில் தலைநிமிர இயலாது. கஞ்சா உட்கொள்வோரைப் பள்ளிவாசலிலிருந்தே விலக்க வேண்டும் என்று கோரும் குரல்களையும் நாம் கேட்டிருக்கிறோம். திருக்குர்ஆன் போர்ப் பிரகடனம் செய்த வட்டியை உண்போர் முதல் ஸஃப்பில் நிற்பதைப் பற்றி அக்குரல்கள் எதுவும் பேசுவதில்லை.

பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் இயற்றிய 'ஃபத்ஹுல் முயீன்' நம் ஷாஃபிஈ மதரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. மதுவின் ஹத்தைப் பற்றிய பாடத்தில், ஹஷீஷ், அபின் போன்ற திடப்பொருட்களுக்கு, அவை ஹராமாகி மயக்கம் தந்தாலும், ஹத்து இல்லை, தஃஸீரே உண்டு என்று அவர் எழுதுகிறார். வழக்கமாக்கும் எண்ணமின்றி மிகச் சிறிதளவு உண்பதையும் மக்ரூஹ் என்று கண்டித்து, மருத்துவத் தேவைக்கு அனுமதிக்கிறார். சில வரிகளில் அடங்கும் இப்பகுதியை மாணவர்கள் ஒரு நாளில் ஓதிக் கடந்துவிடுகின்றனர். அங்கே ஆசிரியர்கள் சற்று நின்று, தஃஸீரின் நோக்கம் திருத்தமே என்பதையும், அப்துல்லாஹ்வின் நிகழ்ச்சியையும், சிகிச்சை நாடுவோருக்கு இந்நாட்டுச் சட்டம் தரும் விலக்கையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். ஸர்கஷீயின் சிறுநூல் குறிப்புகளோடு தமிழாக்கம் பெறுதலும் வேண்டும். நாளை மிம்பரில் நின்று கஞ்சாவைக் கண்டிக்கப்போகிறவர்கள் அம்மாணவர்களே. கண்டனத்தைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பவரும் தங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவரே என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.