ராமசாமி முதலியார்: நியமனத்தின் பலமும் பலவீனமும்

1934 மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகர வாக்காளர்கள் காங்கிரஸின் சத்தியமூர்த்தியைத் தேர்ந்தெடுத்து, ஆற்காடு ராமசாமி முதலியாரை வீட்டுக்கு அனுப்பினார்கள். (அன்று வாக்குரிமை வசதியுள்ளவர்களுக்குத்தான் என்பது வேறு விஷயம்.) தோற்றவர் சாதாரண ஆள் அல்ல. நீதிக்கட்சியின் முன்னணிப் பேச்சாளர், 'ஜஸ்டிஸ்' ஏட்டின் ஆசிரியர். 1928 முதல் 1930 வரை சென்னை மாநகராட்சியின் தலைவர். ராயபுரத்துத் தெருக்குழாயும் சாக்கடையும் அவர் பொறுப்பில் இருந்தவைதான். அந்தத் தோல்விக்குப் பதினோரு ஆண்டு கழித்து, சான் பிரான்சிஸ்கோவில் இந்தியாவின் பெயரால் ஐ.நா. சாசனத்தில் கையெழுத்திட்டார். வைஸ்ராயின் நிர்வாகக் குழு, லண்டனில் போர்க்கால அமைச்சரவை என்று இடையில் அவர் ஏறிய படிகள் எல்லாமே நியமனம்.

இதை வைத்து அவரைத் தள்ளிவிட முடியாது. 1946 ஜனவரியில் ஐ.நா. பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவரானார். மனித உரிமை ஆணையம் அந்த ஆண்டுதான் அமைந்தது. அந்த மன்றம் கூட்டிய நியூயார்க் மாநாட்டில்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் சாசனமும் கையெழுத்தானது. இந்திய வெளியுறவுப் பணியே அந்த ஆண்டில்தான் பிறந்தது. அனுப்பி வைக்கப் பயிற்சி பெற்ற தூதர்கள் ஏது? 1919இலேயே லண்டனுக்குப் போய் பிராமணரல்லாதாரின் பிரதிநிதித்துவத்துக்காக வாதாடியவர் முதலியார். எதிரியின் கூடாரத்தில் போய்த் தன் தரப்பை எடுத்துச் சொல்லும் பழக்கத்தைக் கட்சி அரசியல் அவருக்குக் கொடுத்தது. எந்தப் பயிற்சிப் பள்ளியும் அதைக் கற்றுத்தராது.

குறை வேறிடத்தில். 1945இல் அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது காலனி அரசு. அதே நகரில் காங்கிரஸின் விஜயலட்சுமி பண்டிட், அரசு அனுப்பிய இந்தக் குழு இந்திய மக்களின் பிரதிநிதி அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதே சரி. 1947இல் மைசூர் மக்கள் பொறுப்பாட்சி கேட்டுத் தெருவில் இறங்கியபோது, அவர்களுக்கு எதிரே திவானாக நின்றவரும் முதலியார்தான். மறு ஆண்டு செப்டம்பரில், திவான் பதவியில் இருந்துகொண்டே, ஹைதராபாத் சுதந்திர நாடு அல்ல என்று நேரு அரசுக்காகப் பாதுகாப்பு மன்றத்தில் வாதாடினார். ஒரு சமஸ்தானத்தின் தலைமை அதிகாரி இன்னொரு சமஸ்தானத்துக்கு இறையாண்மை இல்லை என்கிறார்! இதைச் சந்தர்ப்பவாதம் என்று சிலர் சொல்லலாம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவர் நல்ல வக்கீல். கட்சிக்காரர் மாறினால் வழக்கும் மாறும். ஆனால் அரசியல்வாதிக்கு ஊர் என்று ஒன்று இருக்க வேண்டும், திரும்பி வந்து கணக்குச் சொல்ல. நியமனம் அதைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது.

நியமனத்தின் இந்தச் சிக்கல் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லாதது. கொசஸ்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தாலும், 2023 டிசம்பர் போல எண்ணெய் பரவினாலும் நியமிக்கப்பட்ட குழுக்கள் வரும். வருகிறவர்கள் படித்தவர்கள், பலர் நேர்மையானவர்களும்கூட. அறிக்கை எழுதியபின் அவர்களை மறித்துக் கேள்வி கேட்கக் குப்பத்துக்கு வழி இல்லை.

அரசியல்வாதியைத் தூதராக அனுப்புவது தவறல்ல. முதலியாரே அதற்குச் சாட்சி. தேர்தலில் தோற்றவருக்கு ஆறுதல் பரிசாக, யாரும் விசாரிக்காமல் அனுப்புவதுதான் தவறு. அமெரிக்காவில் தூதராகப் போகிறவரை செனட் கூப்பிட்டு விசாரித்து ஒப்புதல் தருகிறது. நம் நாடாளுமன்றத்துக்கு இன்றும் அந்த அதிகாரம் இல்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் எம்.பி.க்களின் வேலை.