எந்த சர்வர் டவுன்?

'சர்வர் டவுன்' என்ற இரண்டு சொற்களைக் கேட்காதவர் இன்று யாரேனும் உண்டா? பண்ருட்டி கும்பகோணம் சாலையில் ஒரு கணிப்பொறி மையத்தில் நானும் கேட்டேன். அன்று ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். எனக்கு முன்னால் நின்ற இளைஞர், முந்திரிக் கம்பெனியில் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், கட்டணம் செலுத்தும் பொத்தானை அழுத்தினார். ஒரு நிமிடம் சக்கரம் சுழன்றது. பிறகு வெள்ளைத் திரையில் 504 என்ற எண். "சர்வர் டவுன் தம்பி, மறுபடி அமுக்குங்க" என்றார் மையத்துக்காரர்.

இந்தச் சொல்லைத்தான் இம்மாதம் குறைகூறப் போகிறேன். சொல் தவறு என்பதற்காக மட்டுமல்ல, அந்த அறிவுரை ஏழையின் பணத்தைத் தின்னும் என்பதற்காகவும்.

கணிப்பொறிக்கு முன்பே 'சர்வர்' என்ற சொல் நம் ஓட்டல்களில் குடியேறிவிட்டது. 1964ல் அந்தப் பெயரில் படமே வந்தது. மேசைக்கு வந்து "என்ன வேணும்?" என்று கேட்பவர் சர்வர், உள்ளே அடுப்படியில் வேலை பார்ப்பவர் சரக்கு மாஸ்டர். இணையத்திலும் இப்படித்தான். வாசலில் நின்று உங்கள் கோரிக்கையை வாங்குவது வெப் சர்வர். பெயரையும் பணத்தையும் சரிபார்த்து, கணக்கில் எழுதி, பதிலைத் தயாரிப்பது அதன் பின்னாலுள்ள அப்ளிகேஷன் சர்வர். "தோசை இல்லை" என்று சர்வரே வந்து சொன்னால், அவர் மயங்கி விழவில்லை என்றுதானே பொருள்? 502, 504 போன்ற எண்கள் திரையில் வந்தால், வாசலில் நிற்பவர் நலமாக இருக்கிறார். பேச்சு அறுந்திருப்பது அவருக்கும் அடுப்படிக்கும் இடையில்.

இந்த எண்கள் மனம்போனபடி இட்டவை அல்ல. 1996 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்திலேயே 502, 503 உண்டு. 1997 ஜனவரியில் வந்த 1.1 பதிப்பில் 504 சேர்ந்தது. உள்ளிருந்து செல்லாத பதில் வந்தால் 502. இப்போதைக்கு இயலாது என்றால் 503. உரிய நேரத்தில் பதிலே வராவிட்டால் 504. நுட்பமான பாகுபாடுதான். ஆனால் 502க்குச் சூட்டிய பெயரைப் பாருங்கள்: 'பேட் கேட்வே', கெட்ட வாசல்! உள்ளே நடந்ததை வெளியே வந்து சொன்னவன் தலையிலேயே பழி. 503 விஷயத்தில் ஆவணம் இன்னும் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. எத்தனை விநாடி கழித்து வரலாம் என்பதையும் சேர்த்து அனுப்பலாம். கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். நான் கண்ட பக்கங்களில் ஒன்றுகூட அதைச் சொன்னதில்லை.

பக்கத்திலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டில் வருகிறது. கொதிகலனுக்கு நிலக்கரி வந்து சேராவிட்டால், 'நெய்வேலி டவுன்' என்று பலகை மாட்டிவிட்டு யாராவது வீட்டுக்குப் போவார்களா? எந்தப் பெல்ட் என்றல்லவா தேடுவார்கள்!

இங்கும் தேட வழி இருக்கிறது. லினக்ஸ் கணிப்பொறியில் வெப் சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒரு எண் கிடைக்கும். 111 என்றால் இணைப்பு மறுக்கப்பட்டது. மறுத்துப் பதில் சொல்ல அங்கே ஓர் இயந்திரம் உயிரோடு இருக்கிறது. தட்டிய கதவுக்குப் பின்னால்தான் ஆளில்லை. அப்ளிகேஷன் சர்வர் நின்றிருக்கலாம், அல்லது 8080ஆம் கதவில் காத்திருக்க, இவர் 8081ஐத் தட்டிக்கொண்டிருக்கலாம். 110 என்றால் வெறும் மௌனம். அந்த வரியை முழுக்கப் படிக்க வேண்டும். இணைக்கும்போதே மௌனம் என்றால் நடுவில் காவலிருக்கும் ஃபயர்வாலைச் சந்தேகிக்கலாம். பதிலுக்குக் காத்திருக்கையில் மௌனம் என்றால் அடுப்படியில் கூட்டம். சந்தேகம் தீர, வெப் சர்வரை ஒதுக்கிவிட்டு, அதே கணிப்பொறியிலிருந்து அப்ளிகேஷன் சர்வரை நேரே கேட்டுப் பார்க்கலாம். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் அணைத்துப் போடுகிறார்கள். சில வேளை அது பலித்தும் விடுகிறது! அப்ளிகேஷன் சர்வர் வேறு முகவரிக்குக் குடிபோன பிறகும் வெப் சர்வர் பழைய வீட்டையே தட்டும் வழக்கமுண்டு. மறுபடி தொடங்கினால் புதிய முகவரியைக் கேட்டுக்கொள்ளும். ஒரு முறை பலித்த வைத்தியம் அதன்பின் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடுகிறது.

இனி அந்த இளைஞரின் 504க்கு வருவோம். இகோர் சிசோயெவ் என்ற ரஷ்யர் 2004ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், உலகெங்கும் புழங்கும் வெப் சர்வர். நாம் மாற்றி வைக்காவிட்டால், உள்ளிருந்து வரும் பதிலுக்கு அது 60 விநாடி காத்திருக்கும். பிறகு 504 என்று எழுதிவிடும். அது கைவிட்டது என்பதற்காக உள்ளே வேலை நின்றுவிடுமா? நிற்க வேண்டியதில்லை. 61ஆவது விநாடியில் அப்ளிகேஷன் சர்வர் பணத்தை வரவு வைத்து, ரசீதும் போட்டு, தூக்கிக்கொண்டு வந்தால், வாங்கிக்கொள்ள ஆளிருக்காது. 504 என்பது 'நடக்கவில்லை' என்ற செய்தியல்ல; 'நடந்ததா என்று எனக்குத் தெரியாது' என்ற செய்தி. இதை 'சர்வர் டவுன்' என்று மொழிபெயர்த்து மறுபடி அழுத்தச் சொன்னால், இரண்டாம் முறையும் கட்டணம் போகலாம்.

நான் குறுக்கிட்டேன். மையத்துக்காரருக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். இளைஞர் கைப்பேசியைப் பார்த்தார். வங்கியிலிருந்து பணம் எடுத்ததாகக் குறுஞ்செய்தி வந்திருந்தது. மீண்டும் உள்நுழைந்து, பொத்தானைத் தொடாமல், விண்ணப்ப நிலையை மட்டும் திறந்தோம். ரசீது ஏற்கெனவே அங்கே இருந்தது.