காணா நட்பும் கையறுநிலையும்

முன்னுரை

இறந்தாரை எண்ணி எஞ்சியோர் வருந்துவதைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலை எனச் சுட்டுகிறது. புறநானூற்றின் தொகுப்பில் அத்துறை பெரும்பாலும் பொதுவியலின்கீழ் அமைந்துள்ளது. தலைவனோடு உடனுறைந்த புலவரின் புலம்பலாகவே நாம் இத்துறையைப் பயின்றும் பயிற்றுவித்தும் வருகிறோம். எனினும், கடந்த முப்பது ஆண்டுகளில் இணையத்தின்வழித் தமிழால் ஒன்றுகூடியோர், தாம் ஒருமுறையேனும் முகம் கண்டிராத ஒருவரின் மறைவுக்கு இரங்கி எழுதும் வழக்கம் தோன்றியுள்ளது. இவ்விரங்கல்களை இலக்கியமாகக் கொள்ளலாமா, கொள்வதாயின் எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

காணாதவர்க்கு இழப்பு உண்டா?

பழகாத ஒருவரை இழந்ததாகக் கூறுவது மிகையன்றோ எனச் சிலர் வினவக்கூடும். இவ்வினாவிற்குத் தமிழ் மரபு முன்னரே விடையளித்துள்ளது. பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார், உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனை நேரில் கண்டதில்லை. ஆயினும், தம் அரசன் யார் என வினவுவார்க்குச் சோழனையே அவர் சுட்டுகிறார் (புறம் 212). வடக்கிருந்த சோழனோ, ஆந்தையார் தவறாது வருவார் என்று உறுதி கூறி, அவருக்கென ஓர் இடத்தை ஒதுக்கச் செய்கிறான் (புறம் 215, 216). அவர் வந்தும் சேர்கிறார். அவ்வரவைக் கண்டு வியந்து பாடுபவர் பொத்தியார் (புறம் 217). திருக்குறளின் நட்பு அதிகாரத்திற்கு உரைகண்ட பரிமேலழகர், உணர்ச்சி ஒத்தலே நட்பாகும் என்பதற்கு இவ்விருவரையே சான்றாகக் காட்டுவது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எனவே, காணா நட்பு இணையம் புதிதாகப் படைத்ததொன்றன்று. முன்னர் ஓர் அரசனுக்கும் ஒரு புலவருக்கும் வாய்த்த அரிய உறவு, இன்று ஓர் ஆசிரியருக்கும் கணினி வல்லுநருக்கும் எளிதில் வாய்க்கிறது. வேறுபாடு அருமையில் உள்ளதேயன்றி உறவின் இயல்பில் இல்லை.

பொத்தியார் காட்டும் அளவுகோல்

சோழனைப் பற்றிப் பொத்தியார் பாடிய கையறுநிலைப் பாடல்களுள் இரண்டை ஒப்புநோக்குதல் பயன் தரும். புறம் 221இல் அவர் அரசனின் கொடை, அன்பு, செங்கோன்மை முதலிய பண்புகளை நிரல்படக் கூறி, அத்தகையோனைக் கவர்ந்த கூற்றுவனை வைதிடப் புலவர்களை அழைக்கிறார். பாடல் சிறந்ததே. ஆயினும், அந்நிரலில் உள்ள பண்புகள் வேறு நல்லரசர் பலர்க்கும் பொருந்துவன. புறம் 220 வேறு வகையில் அமைந்தது. பல்லாண்டு உணவூட்டிப் பேணிய யானையை இழந்த பாகன், அது கட்டப்பட்டிருந்த வெறுந்தறியைக் கண்டு கலுழ்வதுபோல, அரசனற்ற ஊரின் மன்றத்தைக் கண்டு தாம் கலங்கியதாகப் பொத்தியார் பாடுகிறார்.

இங்கு அரசனின் புகழ் எதுவும் பட்டியலிடப்படவில்லை. நாள்தோறும் ஒரு பணியைச் செய்து பழகிய கைகளுக்கு இனி அப்பணி இல்லை என்பதே பாகனின் துயரம். கையறுதல் என்பதற்குச் செயலற்றுப் போதல் என்றே பொருள். ஆகவே, இறந்தாரின் பெருமையைக் கூறுவதைவிட, அவர் இன்மையால் எந்த இடம் வெறுமையாயிற்று, யாருடைய எந்தச் செயல் நின்றுபோயிற்று என்று காட்டுவதே இத்துறையின் உயிர் எனலாம்.

தேனீ உமர்

அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர்தம்பி 2006ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் மறைந்தார். அக்காலத்தில் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு இல்லாத கணினிகள் பல இருந்தன. அவற்றில் தமிழ்ப் பக்கங்கள் வெறுங்கட்டங்களாகவே தோன்றின. பயனர் எதையும் நிறுவாமலேயே தமிழ் தெரியும்படிச் செய்ததில் அவர் உருவாக்கிய தேனீ என்னும் இயங்கு எழுத்துருவுக்குப் பெரும் பங்குண்டு. அவர் தம் கருவிகளை விலையின்றி வழங்கினார். எழுத்துருவின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவரை நேரில் காணாத தமிழர் பலரும் அவர் மறைவுக்கு இரங்கினர்.

இத்தகைய இரங்கல்களில் இருவகை மொழியைக் காண்கிறோம். முதலாவது, ஈடுசெய்ய இயலாத இழப்பு, தமிழன்னை ஒரு மகனை இழந்தாள் என்பன போன்ற தொடர்களால் ஆனது. பெயரை மாற்றிவிட்டால் இவை எவருக்கும் பொருந்தும். இரண்டாவது, ஐயம் கேட்டவருக்கு அவர் எவ்வாறு விடையளித்தார், எந்தக் கட்டங்கள் எழுத்துகளாயின என்று கூறுவது. பொத்தியாரின் அளவுகோலின்படி இரண்டாவதே கையறுநிலை. முதலாவது புறம் 221இன் வழியில் நிற்கிறதெனச் சிலர் கருதலாம். ஆனால், அப்பாடலில் உள்ள சினம் இத்தொடர்களில் இல்லை. ஆகவே அந்த ஒப்புமையும் நிலைபெறாது.

எழுத்தாளரை மறைக்கும் நினைவு

நினைவுகூர்தலில் வேறொரு குறைபாடும் நேர்கிறது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் அவர். அவர் ஆசிரியப் பயிற்சியாளராகவும், தென்கிழக்காசிய எழுத்து விருது பெற்ற புனைகதையாளராகவும் விளங்கினார். முன்னோடி என்னும் சிறப்பு அவருடைய கதைகளை நிழலில் தள்ளிவிட்டது என்பது நம் கருத்து.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசு 2016ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார். அவர் பழகுதற்கு இனியவர் என்பது பலரும் கூறுவது. எனினும், புற்றுநோய்க்கு ஆளான ஒருவர் தம் இறுதியை எதிர்கொள்ளும் நிலையை 'அந்திம காலம்' நாவலில் எழுதியவரை நினைவுகூர்வோர், அந்நாவலை மீண்டும் வாசிப்பதினும் சிறந்த இரங்கல் வேறில்லை. பண்பைப் புகழ்ந்து படைப்பை மறப்பது யானையைப் புகழ்ந்து தறியைப் பாராதிருப்பதை ஒக்கும்.

கல் எங்கே?

ஜூருவுக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் இடைப்பட்ட புக்கிட் தெங்கா போன்ற ஊர்களில், பதினாறாம் நாள் கருமக்கிரியையும் ஆண்டுதோறும் நாளிதழில் வெளியிடும் நினைவஞ்சலியும் குடும்பத்தாரின் கடமைகளாக உள்ளன. காணா நட்பினர்க்கு இவ்விரண்டிலும் இடமில்லை. அவர்கள் எழுதியதே அவர்களின் சடங்கு. அவ்வெழுத்தோ பிறருடைய நிலத்தில் நடப்பட்டது. ஜியோசிட்டீஸ் 2009இல் பெரும்பாலான நாடுகளில் மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2020இல் நிறுத்தப்பட்டன. தமிழர் பல்லாண்டு எழுதியவற்றுள் பெரும்பகுதி அவற்றோடு அழிந்தது. இறந்தார் முன்பே மறைந்தார். அவருக்கு இரங்கியோரின் சொல்லும் இப்போது மறைந்துவிட்டது.

நடுகல்லுக்குக் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வெட்சித்திணையில் வகுத்துள்ளது. இன்றைய இரங்கல்கள் முன்னைய ஐந்தையும் விடுத்து வாழ்த்தலில் தொடங்கி அதிலேயே முடிகின்றன. இரங்கல்களைத் தேர்ந்து, நாளும் பெயரும் குறித்து, அச்சிலும் நூலகத்திலும் நிலைபெறச் செய்யும் பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்கள் நமக்குக் கிடைத்தது அவை பாடப்பட்டதால் மட்டுமன்று. எவரோ தொகுத்து, யார் யாரைப் பாடியது என்று குறித்து வைத்தமையாலும், 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தமையாலும் ஆகும்.

முடிவுரை

காணாதவர்க்கு இரங்குதல் தமிழ் மரபுக்கு அயலானதன்று என்பதும், அவ்விரங்கலின் தரம் பாராட்டின் மிகுதியால் அன்றி வெறுமையான இடத்தைத் துல்லியமாகக் காட்டுவதால் அமைகிறது என்பதும் இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். இரங்கலுரை எழுதப் பயிற்றும் ஆசிரியர்கள், பெயரை நீக்கினால் பிறர்க்கும் பொருந்தும் தொடர்களை மாணவர் தாமே அடித்துவிடச் சொல்லலாம். எஞ்சும் இரண்டொரு தொடரே மெய்யான இரங்கலாகும். பொத்தியார் மீண்டு வந்தபோது, கல்லாகி நின்ற நிலையிலும் சோழன் தமக்கு இடமளித்ததாகப் பாடுகிறார் (புறம் 223). பின்வருவோர்க்கு இடமளிக்க வேண்டுமாயின், முதலில் கல் நிற்க வேண்டும்.